பூட்டியிருக்கும் மாதங்களுக்கான வீடு

விடுமுறைக்கென்று வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் அங்கே இருக்கப்போகும் நாட்களை நினைத்தே கட்டுகிறார்கள். மலையைப் பார்த்து ஆட ஓர் ஊஞ்சல், பேரப்பிள்ளைகள் ஓட முற்றம், சொந்தபந்தம் எல்லாம் வந்து படுக்க ஒரு கூடம். நானும் என் கணவரும் கன்னியாகுமரி மாவட்டத்து அழகியபாண்டியபுரத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது வேறு கணக்குப் போட்டோம். வருஷத்தில் ஒன்றரை மாதம் இருப்போம், மிஞ்சினால் இரண்டு மாதம். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் குடியிருக்கப் போவது மழையும் கறையானும் காற்றும். மனை யார் பேரில் இருக்க வேண்டும் என்பது தொடங்கிக் கழிப்பறைக் குழாய் வரைக்கும் நாங்கள் இல்லாத நாட்களை வைத்தே ஒவ்வொன்றையும் முடிவு செய்தோம். மனைவியின் நாட்டிலோ கணவரின் நாட்டிலோ வீடு கட்ட நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நான் தைப்பிங்கில் பிறந்தவள். மலேசியாவில் மழைக்குப் பேர் போன ஊர் அது. ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் நாஞ்சில் நாட்டின் தோவாளை தாலுகாக்காரர். பொறியாளர் வேலைக்காக மலேசியா வந்தவர், நிரந்தரவாசத் தகுதி கிடைத்த பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. இந்தியா என்றால் எனக்கு அதுவரை தாத்தா சொன்ன கதைகள்தான். பூதப்பாண்டி தாண்டித் தாடகை மலையைப் பார்த்தபடி போகிற சாலையில் அவருடன் போன பிறகுதான் அது ஒரு தெருவும் கிணறும் மாமியாரும் உள்ள இடமாக ஆனது.

முதல் கேள்வி சட்டம். இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டதாலேயே ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இங்கே நிலம் வாங்கும் உரிமை வந்துவிடாது. இதை 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன்கீழ் 2019 அக்டோபரில் வந்த விதிகளும் தீர்மானிக்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாட்டில் வாழ்கிறவரும், ஓசிஐ என்னும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடிமக்களும் வீடோ வீட்டுமனையோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. ஓசிஐ அட்டை இல்லாத வெளிநாட்டுக் கணவருக்கோ மனைவிக்கோ ஒரு வாசல் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியரோ ஓசிஐ அட்டைதாரரோ ஆன தன் துணையோடு கூட்டாக ஒரே ஒரு சொத்து வாங்கலாம். கல்யாணம் பதிவாகி, வாங்குகிற நாளுக்கு முன் இரண்டு வருஷமாவது தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். இதிலும் வயலும் தோட்டமும் சேராது.

இலங்கையில் சம்பந்தம் செய்த குடும்பங்கள் நாஞ்சில் நாட்டில் உண்டு, அவர்களுக்காக ஒரு வார்த்தை. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, நேபாளம் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கவோ விற்கவோ முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஓசிஐ அட்டை பெற்றவரை இந்தத் தடை கட்டாது. ஆகவே இலங்கை மருமகனோ மருமகளோ இருந்தால், மனை பார்க்கப் போகுமுன் அந்த அட்டைக்கு வழி உண்டா என்று பாருங்கள். இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: மலேசியாவிலும் வெளிநாட்டவர் நிலம் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், இவ்வளவு விலைக்குக் குறைந்ததை வாங்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. சொந்த மண்ணை யாரும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவதில்லை. அது சரிதான் என்றே நினைக்கிறேன்.

நான் ஓசிஐ அட்டை வாங்கினேன். முன்னோர் இந்தியர் என்ற வழியில் கேட்டால் அதற்குக் காகிதம் வேண்டும். என் தாத்தாவின் அப்பா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊரில் பிறந்தார் என்பதற்கு எங்களிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. மலேசியத் தமிழர் பலர் வீட்டு நிலைமை இதுதான். ஆகவே இந்தியக் குடிமகனின் மனைவி என்ற வழியில் விண்ணப்பித்தேன். இங்கும் பதிவான திருமணமும் இரண்டு வருஷத் தொடர்ச்சியும் தேவை. இந்த வழியில் பெற்ற அட்டை மணமுறிவு ஆனால் ரத்தாகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் சொத்துப் பேசும் இளம் தம்பதிகளிடம் இதைச் சொல்ல யாரும் துணிவதில்லை. சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது நிலம். நாஞ்சில் நாட்டில் விலைக்கு வருகிற இடங்களில் கண்ணைப் பறிப்பவை வயல்கள்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாக்களிலும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்த பூமி. பழையாறும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் மிஞ்சின் முன்னின்று கட்டிய பேச்சிப்பாறை அணையும் அதற்குத் தண்ணீர் தருகின்றன. தேரூர்ப் பக்கம் ஒரு தரகர் எங்களைக் குளத்தங்கரை வயலுக்குக் கூட்டிப்போனார். தூரத்தில் மலை, தண்ணீரில் நாரைகள். “செம்மண் அடிச்சு நிரத்தித் தாறோம் சார், மனையாக்கும்னு எழுதிரலாம்” என்றார். எழுதிவிட்டால் மட்டும் அது மனையாகாது. பட்டாவில் நஞ்சை என்று இருக்கும் நிலத்தை வெளிநாட்டில் வாழும் நாங்கள் வாங்கவே முடியாது. சட்டம் இடம் கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் குளங்களுக்கு வரும் தண்ணீரும் அவை நிரம்பி மறுகால் போகும் தண்ணீரும் இந்த வயல்கள் வழியாகத்தான் நடமாடுகின்றன. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெருமழை பெய்தபோது, வழி அடைபட்ட தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியதை ஊரே பார்த்தது. அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், அந்த இடத்தைப் பற்றிச் சொன்னோம். “வயலுல வீடு வச்சா வெள்ளம் நம்மளத் தேடித்தான் வரும் மக்ளே” என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

கடற்கரை ஆசையும் கொஞ்ச காலம் இருந்தது. முட்டம் பக்கத்துப் பாறைக் கடலைப் பார்த்த யாருக்கும் வரும். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் எங்களைப் போன்ற வெளியாரின் புது வீட்டுக்கு 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை இடம் தரவில்லை. 2019 அறிவிக்கை, மக்கள் நெருங்கி வாழும் ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. சட்டத்தைவிட உப்புக்காற்றுதான் எங்களைத் தடுத்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கம்பி துருவேறிக் காங்கிரீட்டைப் பிளப்பதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. மலைப்பக்கம் வாங்க நினைப்பவர்களும் விசாரிக்க வேண்டியது உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய கிராமங்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் வருகின்றன, சில இடங்கள் தனியார் காடுகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியில் இடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அத்தையின் பேரில் ஊர்நத்தத்தில் ஒரு பழைய மனை. வீடு பாதி இடிந்து, பின்பக்கம் தென்னையும் கிணறும். நத்தம் குடியிருப்பு நிலம், விவசாய நிலத்தில் சேராது. வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும், விவசாய நிலமல்லாத சொத்தை உறவினரிடமிருந்து தானமாகப் பெறலாம். யார் உறவினர் என்பதைக் கம்பெனிகள் சட்டத்தின் பட்டியல் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மகன் மட்டுமல்லாமல் மகனின் மனைவியும் இருக்கிறாள். இது பலருக்குத் தெரியாது. அத்தை அந்த மனையை எங்கள் இருவர் பேருக்கும் செட்டில்மெண்ட் எழுதித்தந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் தேங்காய் எடுக்கவும் உரிமை உண்டு என்று அதிலேயே எழுதச் சொன்னோம்.

அதை எழுதுமுன் பழைய பிரமாணங்களைப் பார்த்தாக வேண்டும். 1956 நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். எங்கள் மனையின் மூலப் பத்திரம் கொல்லம் 1098, அதாவது 1922-23. தக்கலையில் பத்திரம் எழுதும் ஒரு பெரியவர் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து வாசித்துப் பொருள் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கே வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அதனால் குடும்பங்கள் வழக்கில் அழிந்ததைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடினார். 1926-ல் திருவிதாங்கூர் அரசு கொண்டுவந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றியது. அதற்கு முன் எழுதிய பத்திரத்தில் காரணவர், அதாவது குடும்பத் தலைவரான தாய்மாமன், ஒருவர் பேர் இருந்தால், அவருடைய தங்கைமார் வழியில் யார் யார் உண்டு, பாகப்பிரிவினை ஆனதா என்று பார்க்க வேண்டும். எங்கள் விஷயத்தில் 1940-களிலேயே பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தார்கள், நல்லவேளை.

பட்டா, சர்வே வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றும் வாங்கினோம். இணையத்தில் கிடைக்காத பழைய வருஷங்களுக்கு அலுவலகத்தில் மனுப் போட்டோம். சட்டப்படித் தேவையில்லை என்று வக்கீல் சொன்னபோதும், கொழுந்தனாரையும் நாத்தனாரையும் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தோம். அவர்கள் மனம் இல்லாமல் எழுதிய வீட்டுக்கு நாங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் காவல் நிற்பார்கள்?

பணத்தை வங்கி வழியாக மட்டுமே கொண்டுவர வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணவரின் என்ஆர்இ கணக்குக்கு ரிங்கிட்டை அனுப்பி, கொத்தனார் கூலி வரை அங்கிருந்தே கொடுத்தோம். அந்த ரசீதுகள் ஒரு கோப்பில் இருக்கின்றன. என்றாவது விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோக நேர்ந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

கட்டும்போது நாங்கள் பெரும்பகுதி ஈப்போவில். கொழுந்தனாருக்குப் பவர் எழுதிக் கொடுத்தோம். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், தவறினால் தொல்லை. அதில் கட்டட அனுமதி, மின் இணைப்பு, வேலையாட்கள் ஒப்பந்தம் என்று மட்டும் எழுதி, விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை இல்லை என்று ஒரு வரி சேர்த்தோம். அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் இல்லை. “எனக்கும் இதுதான் நிம்மதி மைனி” என்று அவரே சொன்னார். கட்டட அனுமதி இப்போது எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது.

இனி வீடு.

எப்படிக் கட்டுவது என்று யோசித்த நாட்களில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அடிக்கடி போனேன். 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு அது ராஜா குடியிருக்காத அரண்மனை. இருநூறு வருஷத்துக்கும் மேலாக மரவீடு ஒன்று இடவப்பாதி மழையையும் ஐப்பசி மழையையும் தாங்கி நிற்கிறது. ஏன் என்று பார்த்தால் தெரியும். செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரை, சுவரைவிட்டு வெகுதூரம் வெளியே நீண்ட தாழ்வாரம், காற்று நுழையும் மரச்சட்ட அழிகள். உள்ளே நுழைந்த ஈரம் தங்காமல் வெளியே போய்விடுகிறது. அதோடு, தினமும் கதவு திறந்து பெருக்குகிற மனிதர்கள். பூட்டிய வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது.

எங்கள் வீடு 800 சதுர அடி. ஊரெங்கும் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மூன்று மாடி மாளிகைகளில் வயதான தாய் ஒருத்தி கீழ்அறையில் தனியாக டிவி பார்ப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். சின்னதாகவே வேண்டும் என்றேன். மொட்டை மாடி வைப்போமா என்று கேட்டபோது மூத்த கொத்தனார் சொன்னார்: “பூட்டிப் போடுத வீட்டுக்கு மொட்டை மாடி எதுக்குக்கா, வெள்ளம் கெட்டி நிக்கதுக்கா?” காய்ந்த இலை ஒன்று வடிகுழாயை அடைத்தால் போதும், மாடி குளமாகி, யாரும் பார்க்காத ஒரு மாதத்தில் தளம் ஊறிவிடும். சரிந்த காங்கிரீட் போட்டு அதன்மேல் ஓடு பதித்தோம். வெறும் ஓட்டுக்கூரையே அழகு, குளிர்ச்சியும். ஆனால் மலையிலிருந்து குரங்குகள் இறங்குகிற ஊர், உடைந்த ஓட்டை உடனே மாற்ற ஆள் வேண்டும். தாழ்வாரம் மூன்றடி வெளியே நீட்டியிருக்கிறது. கூரை முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் வலையடித்த காற்றுத்துளைகள். பூட்டிய பிறகும் வீட்டுக்குள் காற்று ஓடும்.

உட்சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்து வைத்துக் கொப்புளித்து உரியும், சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். வானம் தோண்டியபோதே அடிமண்ணுக்குக் கறையான் மருந்து ஊற்றினோம், அஸ்திவாரம் எழும்பிய பிறகு அதைச் சரியாகச் செய்ய முடியாது. சுவர் அலமாரிகளுக்குக் கதவு இல்லை, இருட்டும் ஈரமும் சேரும் இடத்தில்தான் கறையான் ஏறும். பழைய வீட்டின் அயினி உத்திரங்களும் தேக்குக் கதவும் இழைத்துத் தேய்த்ததும் புதுசாகிவிட்டன. கருங்கல்லும் பழைய அஸ்திவாரத்திலிருந்து எடுத்ததுதான். இந்த மாவட்டத்து மலைகள் உடைபட்டு லாரி லாரியாகப் போவதைப் பார்த்து மக்கள் போராடிக்கொண்டிருக்கும்போது, ஆண்டில் சில வாரம் தங்கும் வீட்டுக்குப் புதுக் கல் கேட்க மனம் வரவில்லை.

சின்ன விஷயம்போல் தெரியும் ஒன்று: கழிப்பறைக் கோப்பையிலும் தரைத் துவாரத்திலும் நிற்கிற தண்ணீர்தான் கழிவுக்குழாயின் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. ஆள் இல்லாவிட்டால் சில வாரங்களில் அது வற்றிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும். மழைக்கு முன் வடிகாலில் இலை வார வேண்டும். பக்கத்து வீட்டு மதினி ஒருவர் சாவி வைத்திருக்கிறார். உறவுக்காரருக்குச் சம்பளமா என்று முதலில் மறுத்தார். அத்தைதான் பேசினார்: “சும்மா செய்யுத வேலை நாலு மாசம் நடக்கும். சம்பளம் உள்ள வேலையாக்கும் நிக்கும்.” மாதம் பிறந்ததும் பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

படிப்புரையை மட்டும் பூட்டுக்கு வெளியே விட்டோம். தெருவிலிருந்து ஏறி உட்கார இரண்டு திண்ணை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. அதற்கு மட்டும் தனி மின்கம்பி, மற்ற அறைகளுக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். சாயங்காலம் பிள்ளைகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். கோயில் கொடை வந்தால் வெளியூர்க்காரர்கள் படுக்கிறார்கள். ஓடு ஒன்று சரிந்தாலும் அன்றைக்கே எங்களுக்குப் போன் வந்துவிடுகிறது. மலேசியாவிலிருந்து நண்பர்கள் வந்து வீட்டுக்குள் தங்கும்போது மட்டும் ஒரு கடமை உண்டு: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையம் வழியாகத் தகவல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பொறுப்பு அது.

நாங்கள் வருவது பெரும்பாலும் டிசம்பரில். திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி வருவோம். அப்போது பொதுவாக மழை குறைந்திருக்கும், சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா நடக்கும்.

இப்போது எங்கள் கையில் இருக்கும் வேலை உயில். பிள்ளைகள் இருவரும் மலேசியக் குடிமக்கள். இந்தியக் குடிமகனின் பிள்ளைகள் என்பதால் ஓசிஐ அட்டைக்குத் தகுதி உண்டு. அட்டை கையில் இருந்தால் இந்தச் சொத்து வாரிசாக வருவதில் சிக்கல் இல்லை, அது இல்லாமல் எங்களுக்குப் பிறகு அனுமதிக்காக அலைய விடக் கூடாது. மகளுக்கு வந்துவிட்டது. மகனுடையது விண்ணப்பத்தில் இருக்கிறது. அது வந்ததும், அத்தையின் உரிமை, மதினியின் சம்பளம், படிப்புரை பூட்டுக்கு வெளியே இருப்பது மூன்றையும் உயிலில் எழுதிப் பதிவு செய்வதாக இருக்கிறோம்.